சாரணர் குழுவில் பெரியவர்கள் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

சனிக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள் கயிறும் கம்புமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் வைரவிழா ஜாம்பூரி என்ற பெரிய சாரணர் முகாம் நடந்ததைப் பார்த்துவிட்டு, "நாமும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தாராளமாக முடியும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாரத்தில் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். மற்றதைப் பழகிக்கொள்ளலாம்.

படி 1: குழுவைக் கண்டுபிடியுங்கள்

பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-ல் உருவானது. நம் பக்கத்தில் பெரும்பாலான படைகள், அதாவது சாரணர் குழுக்கள், பள்ளிகளில்தான் இயங்குகின்றன. பாடமும் நடத்திவிட்டு, தேர்வுத்தாளும் திருத்திவிட்டு, மாலையில் ஓர் ஆசிரியரே படையையும் பார்த்துக்கொள்வார். அவருக்குத் துணையாக இன்னொரு பெரியவர் கிடைப்பதுதான் இன்றைய பெரிய தேவை. உங்கள் தெருப் பள்ளியில் முதலில் கேளுங்கள். பள்ளியைச் சாராத ஓப்பன் குரூப்களும் உண்டு. மாவட்டச் சாரணர் சங்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

சிறு பிள்ளைகளில் பையன்கள் குருளையர் பிரிவிலும் பெண்பிள்ளைகள் நீலப்பறவையர் பிரிவிலும் இருப்பார்கள். 10 வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். யாருடன் உங்களுக்குப் பொறுமை நிற்கும் என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குருளையருக்குக் கதையும் விளையாட்டும் வேண்டும். பதின்வயதினருக்கு வேலையும் நம்பிக்கையும் வேண்டும்.

படி 2: முதலில் ஓரமாக நின்று பாருங்கள்

இரண்டு மூன்று கூட்டங்கள் எதுவும் செய்யாமல் பாருங்கள். கொடியேற்றம், பிரார்த்தனைப் பாட்டு, விளையாட்டு, முடிச்சுப் பயிற்சி, கொடியிறக்கம் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். படை சிறு சிறு அணிகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அணியில் ஆறிலிருந்து எட்டுப் பேர், அவர்களில் ஒருவரே தலைவர். இந்த அணிமுறைதான் இயக்கத்தின் உயிர். 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பிள்ளைகளை இப்படித்தான் பிரித்தார். பெரியவர் அணித் தலைவரிடம் பேசுவார், அணித் தலைவர் தன் அணியிடம் பேசுவார். நீங்கள் நேராகப் போய் எல்லோருக்கும் கட்டளையிட்டால் அந்தப் பிள்ளையின் பதவி வெறும் பட்டையாகிவிடும்.

படி 3: பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

இதில் சமரசமே கூடாது. எந்தப் பிள்ளையுடனும் தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்காதீர்கள். எங்கே போனாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். பெண்பிள்ளைகள் வந்தால் அதில் ஒருவராவது பெண். முகாமில் பெரியவர்களுக்குத் தனிக் கூடாரம். பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்பாதீர்கள். பெற்றோரும் இருக்கும் குழுவில் போடுங்கள். அனுமதி இல்லாமல் அவர்கள் படத்தை எங்கும் பகிராதீர்கள்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தொல்லையை உங்களிடம் சொன்னால் நிதானமாகக் கேளுங்கள், குறுக்கு விசாரணை வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்வது நம் ஒவ்வொருவரின் கடமை, மறைப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கைபேசியில் பதிந்து வையுங்கள். குழுவின் பெயர் கெடுமே என்று மூடி மறைக்கிற பெரியவர்களால்தான் பிள்ளைகளுக்கு இரண்டாவது காயம் ஏற்படுகிறது.

படி 4: ஒரு திறனையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

முறையாகப் பொறுப்பேற்க விரும்பினால் இயக்கமே அடிப்படைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. அதற்கு முன்பே முடிச்சுகளில் ஆரம்பிக்கலாம். ரீஃப் நாட் முதல் பாடம். வலது முனையை இடதின் மேல் போட்டுச் சுற்றுங்கள். அடுத்து, இப்போது இடப்பக்கம் வந்திருக்கும் அதே முனையை வலதின் மேல் போட்டுச் சுற்றி இழுங்கள். சரியாக வந்தால் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு தட்டையாகப் படுக்கும். காயக்கட்டுக்கு இதைப் போடுவது அதனால்தான், தோலை உறுத்தாது. இரண்டு முறையும் ஒரே பக்கம் சுற்றினால் முனைகள் குறுக்காகத் துருத்தி நிற்கும், இழுத்தால் நழுவும். ஆள் எடையைத் தாங்கும் வேலைக்கு ரீஃப் நாட்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

பிறகு குளோவ் ஹிட்ச், போலைன் ஆகிய முடிச்சுகள், முதலுதவி. உங்கள் தொழிலே உதவலாம். தச்சர், செவிலியர், பறவை பார்ப்பவர் என்று யார் வந்தாலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

படி 5: முதல் வெளிப்பயணம்

மலையேற்றத்தில் தொடங்க வேண்டாம். ஊருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோ தோப்போ போதும். காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம்.

கிளம்பும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருக்கிறதா, என்ன மருந்து, யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் உங்கள் பையில் இருக்கட்டும். பக்கத்து அரசு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நடக்கும்போது ஒரு பெரியவர் முன்னால், ஒருவர் கடைசியில். மெதுவாக நடக்கிற பிள்ளைதான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். நிற்கும் இடத்தில் எல்லாம் தலையை எண்ணுங்கள்.

கிணறு, கால்வாய், கல்குவாரிக் குட்டை எதிலும் இறங்க விடாதீர்கள், "எனக்கு நீச்சல் தெரியும் சார்" என்று எத்தனை பேர் கெஞ்சினாலும். மேலிருந்து பார்த்தால் குவாரியின் ஆழம் தெரியாது. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

படி 6: கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுங்கள்

எனக்குத் தெரிந்து புதியவர்களுக்குக் கடினமான படி இதுதான். முகாமில் ஓர் அணி சமைக்கிறது என்று வையுங்கள். மூன்று கல் வைத்து, சட்டியின் வெளிப்பக்கம் கரி பிடிக்காமல் ஈரமண் பூசி, சுள்ளி அடுக்கியிருக்கிறார்கள். விறகை நெருக்கி அடைத்ததால் தீ பிடிக்காமல் புகைகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகிறார்கள். நீங்கள் போய் இரண்டு கட்டையை உருவினால் நொடியில் எரியும். போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருத்தியே, "காத்துப் போக வழி இல்லடி" என்று ஒரு கட்டையை இழுப்பாள். சோறு அடிப்பிடித்திருக்கலாம், சாம்பாரில் உப்பு கூடியிருக்கலாம். அந்தச் சாப்பாட்டை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

தீக்காயம், கத்தி, ஆழமான தண்ணீர், அடிதடி, ஒருவனை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வது என்றால் உடனே குறுக்கிடுங்கள். மற்றவற்றை அணித் தலைவரிடம் விடுங்கள்.

படி 7: தொடர்ந்து வாருங்கள்

பெரிய முகாமுக்கு மட்டும் வந்து படம் எடுத்துக்கொள்கிறவரைவிட, வாரா வாரம் சொன்ன நேரத்துக்கு வருகிறவர்தான் பிள்ளைகளுக்கு வேண்டியவர். அவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். வர முடியாத வாரம் முன்பே தெரிவித்துவிடுங்கள். வேலை மாறி, ஊர் மாறி விலக வேண்டி வந்தால் பதிவேடு, கயிறு, கூடாரம், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளிடம் நீங்களே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.