பரு வரும் முகத்துக்கு சீட்டியரில் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளுமா?

மாய்ஸ்சரைசர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீர், கிளிசரின் எல்லாம் தாண்டியதும் இந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். உடனே இரண்டு பயம் வரும்: ஆல்கஹால் என்பதால் தோல் காய்ந்துவிடுமோ, கொழுப்பு என்பதால் துளை அடைத்துக்கொள்ளுமோ. முதல் பயத்தை விட்டுவிடுங்கள். இது ஸ்பிரிட் வகை இல்லை. 16, 18 கார்பன் கொண்ட இரண்டு கொழுப்பு ஆல்கஹால்களின் கலவை, கையில் எடுத்தால் மெழுகைச் சீவிப் போட்ட மாதிரி இருக்கும். கிரீமைக் கெட்டியாக்கி, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க மற்ற எமல்சிஃபையர்களுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

துளை அடைக்கும் விஷயத்துக்கு வருவோம். எது எவ்வளவு துளை அடைக்கும் என்று 0 முதல் 5 வரை (5தான் மோசம்) மதிப்பெண் போட்ட பட்டியல்களில் இதற்கு 2 போட்டிருப்பார்கள். அந்த மதிப்பெண் முறைக்கு அடிப்படை முயலின் காதில் தடவிப் பார்த்த சோதனைகள். முயல் காது நம் முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பருவுக்கே டாக்டர் எழுதித் தரும் ரெட்டின்-ஏ கிரீமில், இந்தக் கலவையில் உள்ள இரண்டில் ஒன்றான ஸ்டியரில் ஆல்கஹால் மட்டுமல்ல, பட்டியல்களில் 5 வரை மதிப்பெண் வாங்கும் ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட்டும் இருக்கிறது! அதனால் பெரும்பாலானவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளும் என்றுதான் சொல்வேன்.

சரி, உங்கள் முகத்துக்கு எப்படி என்று பார்க்க வேண்டுமா? டப்பாவில் உள்ள பட்டியலில் ஃபீனாக்ஸி எத்தனால் (கிரீம் கெடாமல் காக்கும் பொருள்) எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், அது பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது, பட்டியலில் அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும், ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சொற்ப அளவுதான். அப்புறம் கூட்டாளிகளைப் பாருங்கள்: தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர் மேல் வரிசையில் இருந்தால் என் சந்தேகம் முதலில் அவற்றின் மேல்தான். அதற்குப் பிறகு, தாடையின் ஒரு பக்கம் மட்டும் தினமும் இரவில் 4 வாரம் தடவுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள், ஏனென்றால் அடைப்பு பருவாக வெளியே தெரியவே வாரக்கணக்கில் ஆகும். ஒன்றிரண்டு நாளிலேயே எரிச்சலும் சிவப்புமாக வந்தால் அது துளை அடைப்பு இல்லை, ஒவ்வாமையாகவோ உறுத்தலாகவோ இருக்கலாம், நிறுத்திவிடுங்கள்.

நானும் கிரீம்தான் காரணம் என்று நினைத்து ஒரு நல்ல கிரீமைத் தூக்கிப் போட்டேன். நெற்றிப் பரு போகவே இல்லை. கடைசியில் பார்த்தால் தலைக்கு வைத்த எண்ணெய் இரவெல்லாம் தலையணை வழியாக நெற்றிக்கு வந்துகொண்டிருந்தது.

நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் கதை வேறு, அது மலசீசியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். அப்போது பார்க்க வேண்டிய எமல்சிஃபையர் பாலிசார்பேட். ஆய்வகத்தில் அந்தப் பூஞ்சையை வளர்க்கவே அதைச் சேர்ப்பார்கள். ஆனால் கிரீமை மாற்றுவதற்கு முன் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், பருவுக்கான மருந்து அதற்குக் கேட்காது.