லத்தீன் சார்பு வாக்கியம்: ஒரே வினை, 4 வடிவம்

சப்ஜங்டிவ் (இத்தகைய சார்பு வாக்கியத்தில் வரும் வினை வடிவம்) அட்டவணையை மட்டும் உருப்போட்டால் வாக்கியம் எழுத வராது. முதன்மை வினையோடு சேர்த்தே பழகுங்கள். 'ரொகோ க்வித் ஃபகியாஸ்' என்றால் 'நீ என்ன செய்கிறாய் என்று கேட்கிறேன்'. ஃபகியாஸை ஃபேகெரிஸ் ஆக்கினால் 'என்ன செய்தாய்'. இனி ரொகோவை ரொகாவீ (கேட்டேன்) என்று மாற்றுங்கள். அந்த இரண்டும் முறையே ஃபகெரேஸ், ஃபேகிஸ்ஸேஸ் ஆகிவிடும்.

சறுக்குவது இங்கேதான். தமிழில் 'என்ன செய்கிறாய் என்று கேட்டேன்' என்போம். அந்தப் பழக்கத்தில் ரொகாவீக்குப் பின்னும் ஃபகியாஸ் என்றே கை எழுதிவிடும்.

ஃபகெரேஸ், ஃபேகிஸ்ஸேஸ் இரண்டையும் தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபகெரே (செய்ய), ஃபேகிஸ்ஸே (செய்திருக்க) என்ற இன்ஃபினிட்டிவ்களோடு, அதாவது ஆள் காட்டாத வினை வடிவங்களோடு, நான், நீ என்று ஆளைக் காட்டும் விகுதி சேர்த்தால் போதும். முரண்டு பிடிக்கும் எஸ்ஸே (இருக்க) என்ற வினைகூட எஸ்ஸெம் என்று இதற்கு அடங்கும். தினம் 5 வினை, வினைக்கு 4 வாக்கியம், வாய்விட்டுச் சொல்லியபடி எழுதுங்கள்.