குளிர்நாளில் ராமென் உண்ணச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்வெளிகளில் உறைபனி படியும் காலைகள் உண்டு. அத்தகைய நாளில் ஜப்பானிய நூடில்ஸ் சூப்பான ராமெனைச் சுடச்சுட ஒரு கிண்ணம் உண்ண விரும்புவது இயல்பே. ஆனால், ஆற அமர உண்ணும் கொத்து ரொட்டியைப் போல இதையும் எண்ணிக்கொண்டு மேசையில் அமர்ந்தால், நல்ல சமையலும் வீணாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தாமதமே. கோதுமை மாவுடன் கான்சுயி எனப்படும் காரநீரைச் (மிளகாய்க் காரமன்று, சோடா போன்ற காரம்) சேர்த்துப் பிசைவதால்தான் ராமென் நூடில்ஸுக்கு மஞ்சள் நிறமும் பல்லில் துள்ளும் இழுவையும் கிடைக்கின்றன. எனினும் சூடான சூப்பில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது நீரை உறிஞ்சி ஊதிக்கொண்டே போகும். ஆகவே, படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருப்பதும், சூப்பைக் குடித்து முடித்தபின் நூடில்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் பிழையாகும். மூத்தவர்கள் கை வைக்கும்வரை காத்திருப்பது நம் வீடுகளின் மரியாதை என்பதால், யாருக்கு முதலில் கிண்ணம் வருகிறதோ அவர் தொடங்கட்டும் என்று அந்த மூத்தவரே சொல்லிவிடுவது அழகு. உறிஞ்சும் ஓசைக்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஜப்பானில் ராமெனை அப்படித்தான் உண்கிறார்கள்.

ஆவி எழவில்லை என்பதற்காகச் சூப் ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஜப்பானின் குளிர் மிகுந்த ஹொக்கைடோத் தீவிலுள்ள சப்போரோ நகரத்து மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனில், மேலே மிதக்கும் கொழுப்புப் படலம் சூட்டை உள்ளேயே அடக்கி வைத்திருக்கும். ஆவி குறைவாகத் தெரிந்தாலும் நாக்கு வெந்துவிடும். குழந்தைகளுக்கு ஊட்டுவோர் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

சூப் எதில் செய்யப்பட்டது என்று கேளாமல் ஓடர் கொடுப்பது அடுத்த தவறு. தொன்கொட்சு சூப்பின் வெண்மையைத் தேங்காய்ப்பால் என எண்ணிவிடலாம். உண்மையில் அது பன்றி எலும்பைப் பல மணிநேரம் கொதிக்கவைப்பதால் வருவது. கோழி ராமென் என்று பெயரிருந்தாலும் பன்றிக் கொழுப்புச் சேர்ந்திருக்கக் கூடும். மரக்கறி ராமெனிலும் கட்சுவோபுஷி எனும் உலர்மீன் சாறு இருக்கலாம். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதுவும் ஒரே சூரை மீனில் செய்யப்படுபவை. விரதம் இருப்பவர்களும் ஹலால் பேணுபவர்களும் மேலே இடப்படும் இறைச்சியை மட்டும் விசாரித்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது.

சுவை பாராமலே சோயா சோஸை ஊற்ற வேண்டாம். சூப்பில் ஏற்கெனவே உப்பு மிகுதி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கடைசித் துளிவரை குடிக்காமல், சூப்பில் ஒரு பகுதியை மிச்சம் வைப்பதே நல்லது.

சமையற்காரரை அவசரப்படுத்துவதும் தகாது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பில் ஆகும் நேரத்தைவிட இங்கே நூடில்ஸ் வேகச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும்.

வீட்டிலிருப்பவர்களுக்குப் பார்சல் கட்டுவதாக இருந்தால், நூடில்ஸையும் சூப்பையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்துப் பாதையில் பஸ் ஏறி வீடு சேர்ந்தபின் சூப்பைக் கொதிக்கவைத்து, உண்பவர் அமர்ந்த பிறகே ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.