மோட்டார் உறுமியது, ஓடவில்லை: நான்கு நாள் கழித்துப் பிடிபட்ட கோளாறு

வீட்டுத் தண்ணீர் மோட்டார், 1 எச்பி. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது. கெப்பாசிட்டரை மாற்றினேன். மாற்றமில்லை. கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே நன்றாக ஓடியது. மோட்டாரில் குறையில்லை.

அப்புறம் ஒயர். மோட்டாரை இணைக்காமல் மல்டிமீட்டரில் பார்த்தால், ஒயரின் மோட்டார் முனையில் 228 வோல்ட். மெயினை அணைத்துவிட்டு கன்டினியூட்டி (ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தேன், பீப் அடித்தது. ஒயரும் சரி என்று நினைத்தேன். இங்கேதான் நான்கு நாள் போனது.

கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் விழாது. அதனால் அந்த 228க்கு அர்த்தமே இல்லை. பீப் சத்தமும் அப்படித்தான்: பல மீட்டர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு, மோட்டாரைப் போட்ட நிலையில் அளந்தோம். மெயின் போர்டில் 224, மோட்டாரில் 174. கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியர். வழியில் விழுந்த 50 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 2.5 ஓம் தடை. வழியில் எங்கோ ஆயிரம் வாட் சூடாகிக்கொண்டிருந்தது, ஓர் அயர்ன் பாக்ஸ் அளவுக்கு!

மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜங்ஷன் பாக்ஸில் கிடைத்தது. பழைய அலுமினிய ஒயரோடு செம்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் மேலே லேசான பழுப்பு, அவ்வளவுதான். பிரித்தால் உள்ளே கருகி, அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி.

மெயினை அணைத்து, போர்டிலிருந்து மோட்டார் வரை ஜாயின்ட் இல்லாமல் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்தோம். முதல் சுவிட்சிலேயே ஓடியது. நிம்மதி.