எரிகல் உடைந்தது என்று எழுதுமுன்

டிசம்பர் 13, 14 ஜெமினிட் எரிகல் மழை இரவுகளில் பல்லடம், காங்கயம் பக்கம் மேகம் கட்டிக்கொண்டால், மொட்டைமாடியில் பாய் விரித்தவர்கள் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ரேடியோ வைத்திருப்பவர் இறங்க வேண்டியதில்லை. எரிகல் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது விட்டுச்செல்லும் அயனித் தடத்தில் (மின்னூட்டம் பெற்ற காற்றுக் கோட்டில்), தொலைதூர எஃப்எம் நிலையத்தின் அலை பட்டு நம் ஆண்டெனாவுக்கு வரும். ஒரு விநாடிகூட இல்லாத பாட்டுத் துணுக்கு. அலை அனுப்புவது வேறொருவர், அவ்வளவுதான். இதுவும் ராடார் வேலைதான்.

ஐரோப்பியக் குறிப்புகளைப் படித்துவிட்டு, செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பிரான்சின் கிரேவ்ஸ் ராடாருக்காக 143.05 மெகாஹெர்ட்ஸில் இங்கே காத்திருப்பது வீண். தடம் இரு ஊர்களின் தொடுவானத்துக்கும் மேலே இருக்க வேண்டும். அதற்குச் சுமார் 2,000 கிலோமீட்டர்தான் எல்லை. மும்பை நமக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், அது சரி. ஆண்டெனாவை நேரே உச்சிக்குத் திருப்பவும் வேண்டாம். அந்தத் தடம் தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கோவை வானொலியின் 103 பக்கம் போகவே வேண்டாம். உள்ளூர் நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசையாகப் பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தடத்தில் பட்டு வரும் அலை, அதாவது எதிரொலி, நீண்டு ஏறி இறங்கினால் 'கல் உடைந்தது' என்று எழுதிவிடுவது. முதல் வருடம் என் நோட்டிலும் அப்படித்தான் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அடித்தேன். தடத்தை மேல்வானக் காற்று வளைத்து முறுக்குகிறது. அலையைத் திருப்பும் இடங்கள் இரண்டு மூன்றாகின்றன, ஒலி மங்கி மங்கி வருகிறது. கல் அதற்கு முன்பே எரிந்து முடிந்திருக்கும்.

உடைவதைக் காண, கல்லோடு கூடவே ஓடும் அயனி உறையிலிருந்து வரும் 'தலை எதிரொலி' வேண்டும். அது விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது. வலுவான ராடாருக்குத்தான் சிக்கும், வீட்டு எஃப்எம்முக்குச் சிக்காது. கல் இரண்டானால் என்ன ஆகும்? சோமனூர் தறிக்குடோனில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு தறிகளைக் கேளுங்கள். கொஞ்ச நேரம் இரண்டு அடியும் சேர்ந்து ஓங்கி விழும், அப்புறம் விலகி ஒன்றுக்கொன்று இடையில் விழும், மறுபடி சேரும். இரு துண்டுகளின் அலைகளும் அப்படியே கூடியும் அழித்தும் வரும். திருப்பதி அருகே காதங்கி ராடாரின் 53 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். அந்த அலைவரிசையில், ராடாரை நோக்கிய திசையில் துண்டுகளின் இடைவெளி 2.8 மீட்டர் கூடும்போதெல்லாம் ஒரு ஏற்ற இறக்கம் முடியும். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் உடைப்பு என்று சொல்லாதீர்கள்.

எதிரொலி கேட்டதும் காட்டில் கல் தேடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2012 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவில் சட்டர்ஸ் மில் என்ற விண்கற்கள் விழுவதைக் காட்டியது வானிலை டாப்ளர் ராடார். அது பார்த்தது அயனித் தடத்தை அல்ல, கீழே வந்துகொண்டிருந்த துண்டுகளை. நமக்கு மும்பைப் பாட்டைக் கொண்டுவந்த தடமோ பெரும்பாலும் ஹூப்ளி பக்கத்து வானத்தில் இருந்திருக்கும், அதை விட்டது ஒரு மணல் பருக்கையாக இருக்கும்.