கேப்சூல் எண்டோஸ்கோபி: விழுங்கக் கொடுக்கும் முன் கேட்க மறப்பவை

சிறு கேமரா கொண்ட கேப்சூலை விழுங்கச் செய்து சிறுகுடலைப் படம்பிடிக்கும் கேப்சூல் எண்டோஸ்கோபியில் புதிதாகப் பயிற்சி பெறும் மருத்துவர்களுடன் அமர்ந்து படங்களைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளே திரும்பி வருவதைக் காண்கிறேன். கேப்சூல் அனுப்பும் படங்களை வாங்கும் பெல்ட்டைத் தளர்வாகக் கட்டுவது, அவற்றைப் பதிவு செய்யும் ரெக்கார்டரைச் சார்ஜ் செய்ய மறப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே யாரும் திருத்திக்கொள்வார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

குடல் குறுகியிருப்பதை விசாரிக்காமல் கேப்சூலைக் கொடுப்பது

கேப்சூலின் நீளம் ஏறத்தாழ 26 மி.மீ., குறுக்களவு 11 மி.மீ. இயல்பான சிறுகுடலில் தடையின்றி நகரும் இது, காசநோயாலோ, குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயாலோ, நெடுங்காலம் உண்ட வலி மாத்திரைகளாலோ, கதிர்வீச்சுச் சிகிச்சையாலோ குடல் சுருங்கிய இடத்தில் நின்றுவிடும். இரண்டு வாரம் கடந்தும் வெளியேறாவிட்டால் அது தேங்கிவிட்டதாகக் கொள்கிறோம்.

வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்களிடம் அனுப்பப்பட்ட ஒரு பெண்மணிக்கு இதுவே நேர்ந்தது. இரத்தசோகை, எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் இயல்பு, சி.டி. ஸ்கேனும் இயல்பு என்று எழுதப்பட்டிருந்ததால் கேப்சூலைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் அது அடிவயிற்றின் வலப்புறத்தில் அசையாமல் கிடந்தது. என்ன தொந்தரவு என்று கேட்டேன். “சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல வயித்தைச் சுருட்டிப் புடிக்கும் டாக்டர், அப்புறம் கடகடன்னு சத்தம் போட்டு ஓடி, வலி விட்டுடும்” என்றார். பகுதி அடைப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விவரிப்பதில்லை. ஆனால் அவருடைய கோப்பில் ‘லேசான வயிற்றுவலி’ என்றுதான் இருந்தது. பிறகு அறுவை செய்து சுருங்கிய பகுதியை நீக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது, “எப்படியும் அறுவை தேவைப்பட்ட நோய்தானே, கேப்சூல் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது” என்று எவராவது சமாதானம் சொல்வது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. காசநோயிலும் கிரோன் நோயிலும் அழற்சியால் ஏற்படும் சுருக்கம் பல வேளைகளில் மருந்துக்கே இளகும் என்பதால், எல்லாச் சுருக்கத்துக்கும் கத்தி தேவையில்லை. தேவைப்பட்டாலும், எப்போது செய்துகொள்வது என்று யோசிக்கும் அவகாசம் நோயாளிக்கு உரியது.

சாதாரண ஸ்கேன் இயல்பாக இருப்பது உத்தரவாதமாகாது. ஐயம் இருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர். என்டரோகிராபி (சிறுகுடலை விரியச் செய்து எடுக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். குடல் வழி திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் பேட்டன்சி கேப்சூல் கிடைத்தால் அதை முதலில் விழுங்கச் செய்வது இன்னும் நல்லது. லாக்டோஸும் பேரியமும் கலந்த அந்தப் போலிக் கேப்சூல், உள்ளே மாட்டிக்கொண்டால் ஏறத்தாழ 30 மணி நேரத்துக்குப் பின் கரையத் தொடங்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். “வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்றால் இல்லை என்பவர், “முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வதுண்டா?” என்றால் தினமும் இரண்டு என்பார்.

எம்.ஆர்.ஐ.

கேப்சூல் வெளியேறியது உறுதியாகும்வரை கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை

ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். இல்லையேல் கருப்புக் கசடைத்தான் பார்ப்பீர்கள்.

இரத்தக்கசிவு நின்றபின் தேடுவது

மலத்தில் இரத்தம் தெரியும் நோயாளிக்கு மேல் எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் செய்து ஒன்றும் கிடைக்காதபோது, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கேப்சூலைக் கொடுத்துவிட வேண்டும். தேதி தள்ளிப்போகப் போக, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே வரும்.

படங்களை அவசரமாக ஓட்டுவது

முன்சிறுகுடலையும் அதையடுத்த ஜெஜுனத்தின் (நடுச்சிறுகுடலின்) தொடக்கத்தையும் கேப்சூல் மிக விரைவாகக் கடந்துவிடுகிறது. அங்குள்ள கட்டி ஓரிரு படங்களில் மட்டுமே பதிவாகலாம். ஆகவே அந்தப் பகுதியை நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகப் பார்க்க வேண்டும். மறுபுறம், இரண்டு மூன்று சிறு புண்களைக் கண்டவுடன் கிரோன் என்று எழுதிவிடுவோரும் உண்டு. வலி மாத்திரையும் அதே தோற்றத்தைத் தரும். எனவே அதை ஒரு மாதமாவது நிறுத்திய பின்பே சோதனை செய்ய வேண்டும்.

எதுவும் தெரியவில்லை என்ற அறிக்கையோடு கோப்பை மூடிவிடாதீர்கள். ஹீமோகுளோபின் தொடர்ந்து இறங்கினால், மேல் எண்டோஸ்கோபியையே மறுபடியும் செய்யுங்கள். முதல் முறை தவறவிட்ட இரைப்பைப் புண் அங்கேயே இருக்கலாம்.