ஐந்து பேருக்கு ஒரு கிற்றார்: ஊரில் சேர்ந்து பழகத் தொடங்குவது எப்படி

கிற்றார் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கிற்றார் வாங்கலாம்?" என்றுதான். வன்னியில் மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, நாலைந்து பேர் சேர்ந்து பழகுங்கள். தனியாக வாங்கி வைத்தவர்களில் பலர் இரண்டு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். சேர்ந்து பழகுகிறவர்களுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதால் விடமுடிவதில்லை.

முதலில் கிற்றாரைத் தேடுங்கள்

போர் முடிந்த 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஊர்களில் தாத்தா காலத்து வாத்தியம் என்று ஒன்று கிடைப்பது அரிது. இப்போது இருப்பவை பெரும்பாலும் பிறகு வந்தவை. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமா விட்டுவிட்டுப் போனது, தேவாலயப் பாடகர் குழுவில் புதிது வந்ததும் ஒதுக்கி வைத்தது, கொழும்பில் படித்த அண்ணா கொண்டு வந்து அலுமாரிக்கு மேல் போட்டது. கேட்டுப் பாருங்கள். "சும்மா கிடக்குது, கொண்டுபோய் வாசி" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் வாங்கும்போதே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: கம்பி அறுந்தால் நாங்கள் போடுவோம், மரம் உடைந்தால் நாங்கள் திருத்துவோம், நீங்கள் கேட்ட அன்றைக்குத் திருப்பித் தருவோம். இதைச் சொல்லி வாங்கினால் கொடுத்தவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

கையில் வந்ததைப் பரிசோதியுங்கள்

கிடைத்த உடனே வாசிக்க ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், அது நைலோன் கம்பி போடும் கிற்றாரா, இரும்புக் கம்பி போடும் கிற்றாரா என்று பாருங்கள். உடம்பில் கம்பிகள் முடியும் மரத்துண்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அங்கே கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் பெரும்பாலும் நைலோன். சின்ன ஆணிகளைக் குத்தி இறுக்கியிருந்தால் இரும்பு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 40 கிலோ. இரும்புக் கம்பிகள் ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும். நைலோன் கிற்றாரில் இரும்புக் கம்பி போட்டால் பிரிட்ஜ் பிய்ந்து வரும், இல்லாவிட்டால் மேற்பலகை வயிறு தள்ளும். சத்தம் கூட வரும் என்று சொல்லி யாராவது மாற்றிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்து, ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பிரிட்ஜின் பின் ஓரத்துக்கு அடியில் செருகிப் பாருங்கள். உள்ளே போகவில்லை என்றால் நல்லது. விரல் நகம் அளவுக்கு உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது. உடனே கம்பிகளைத் தளர்த்திவிட்டு, மரவேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பிறகு கழுத்து. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளைப் பிரெட் என்பார்கள். தலைப்பக்கம் இருந்து எண்ணி 12ஆவது பிரெட்டுக்குப் போங்கள். அது கம்பியின் நட்ட நடுவில் இருக்கும். அந்த இடத்தில் பிரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் விரலுக்குச் சுகம். நைலோனுக்கு 4 வரை பரவாயில்லை. 5, 6 என்று போனால், பழகுகிறவர் தனக்குக் கை வராது என்று நினைத்து அழுவார். பிழை கிற்றாரில் இருக்கும். பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் வெள்ளைத் துண்டை அடிப்பக்கம் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம். ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள்.

சுருதி சேர்ப்பது இரண்டு பேர் வேலை

ஆறு கம்பிகளில் மெல்லியதுதான் 1ஆம் கம்பி. தடித்தது 6ஆம் கம்பி. தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு வரும்போது ஒலிகள்: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இரண்டு ஓரத்துக் கம்பிகளும் ஈ. ஒன்று கீழே, மற்றது இரண்டு ஸ்தாயி மேலே.

கைப்பேசியில் சுருதி காட்டும் இலவச ரியூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கம்பியை மீட்டிக் கைப்பேசியைப் பார்க்கட்டும். மற்றவர் தலைப்பக்கத்தில் கம்பி சுற்றியிருக்கும் முறுக்காணியைத் திருப்பட்டும். எங்கள் இடத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். நூலின் இழுவையைக் கையால் உணர்ந்து பழகியவர். முறுக்காணியை அவரிடம்தான் கொடுப்போம். "இன்னும் கொஞ்சம் முறுக்குங்கோ அக்கா... இன்னும்... காணும், காணும்." அவர் கைவைத்த கம்பி அறுந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். திருப்புவதற்கு முன் கம்பி எந்த ஆணியில் சுற்றியிருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். வேறு ஆணியைத் திருப்பிக்கொண்டு "ஏறவில்லையே" என்று முறுக்கிக்கொண்டே போனால் 1ஆம் கம்பி பட்டென்று போய்விடும். மற்றது, ஒலி கூடிவிட்டால் நேரே இறக்கி நிறுத்த வேண்டாம். தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். அப்போதுதான் கம்பி நழுவாமல் நிற்கும். புது நைலோன் கம்பி என்றால் சில நாட்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். அது இயல்பு.

கோயில் திருவிழா நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் செயலி குழம்பிப்போகும். அதற்காகக் காதால் சேர்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். 6ஆம் கம்பியை 5ஆவது பிரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஒலிதான் 5ஆம் கம்பிக்கு வேண்டிய ஒலி. 5ஆம் கம்பியின் 5ஆவது பிரெட் 4ஆம் கம்பிக்கு, 4ஆம் கம்பியின் 5ஆவது பிரெட் 3ஆம் கம்பிக்கு. 3ஆம் கம்பியில் மட்டும் 4ஆவது பிரெட்டை அழுத்தி 2ஆம் கம்பியைச் சேர்க்க வேண்டும். பிறகு மறுபடி 2ஆம் கம்பியின் 5ஆவது பிரெட், 1ஆம் கம்பிக்கு. இரண்டு ஒலியும் நெருங்கும்போது "வ்வ்வ்" என்று ஓர் அலை கேட்கும். அலை நின்றால் சேர்ந்துவிட்டது.

ஐந்து பேர் எப்படிப் பழகுவது

சனசமூக நிலையம் நல்ல இடம். வாங்கு இருக்கும், வெளிச்சம் இருக்கும், யார் வீட்டுக்கும் தொந்தரவு இல்லை. சனசமூக நிலையம் பூட்டியிருந்தால் ஒரு மாமர நிழல் போதும். காலபோக அறுவடை முடிந்த பிறகு தொடங்கினால் ஆட்கள் ஒழுங்காக வருவார்கள். விதைப்பு நேரத்தில் தொடங்கிய குழு பாதியில் கலைந்துவிடும்.

ஆளுக்குப் பத்து நிமிடம் கிற்றார். மற்ற நால்வரும் சும்மா இருக்கக்கூடாது என்பதுதான் இந்த முறையின் உயிர். ஒருவர் "தகிட தகிட" என்று சொல்லிக் கைதட்டி வேகத்தைப் பிடித்து வைக்கட்டும். ஒருவர் பாடட்டும். ஒருவர் வாசிப்பவரின் இடது கையைப் பார்த்து, எந்தக் கம்பி மொக்கையாக ஒலிக்கிறது என்று சொல்லட்டும். மற்றவர் தன் முறைக்காக ஒரு மட்டப்பலகையில் ஆறு கோடும் மூன்று பிரெட்டும் கீறி வைத்து, விரலை மாற்றி மாற்றிப் பழகட்டும். பலகையில் சத்தம் வராது. ஆனாலும் விரல் எங்கே போக வேண்டும் என்பது அதில்தான் சீக்கிரம் பதிகிறது. அடுத்தவர் கையில் பிழையைக் கண்டுபிடிக்கப் பழகியவருக்குத் தன் கையிலும் அது தெரிய ஆரம்பிக்கும். தனியாக அறைக்குள் இருந்து பழகுகிறவருக்கு இது கிடைக்காது.

இடது கைப்பழக்கம் உள்ள ஒருவர் இருந்தால், பொதுக் கிற்றாரில் கம்பியை மாற்றிக் கட்ட வேண்டாம். வலது கைப் பிடியிலேயே பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டு கைக்கும் எல்லாமே புதுசுதான்.

முதல் நான்கு கோட்

பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போது ஒன்றாக வரும் ஒலிக்கூட்டைத்தான் கோட் என்பார்கள். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள். விரல் நுனியால், பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். பிரெட்டின் மேலேயே அழுத்தினால் ஒலி செத்துப்போகும்.

ஈ மைனர்: 5ஆம் கம்பியிலும் 4ஆம் கம்பியிலும் 2ஆவது பிரெட்டில் நடுவிரலும் மோதிரவிரலும். அவ்வளவுதான். ஆறு கம்பியையும் மீட்டலாம். முதல் நாளே ஒரு முழு ஒலி கேட்பதால் இதிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடிக்கும்.

ஏ மைனர்: 2ஆம் கம்பி 1ஆவது பிரெட்டில் சுட்டுவிரல், 4ஆம் கம்பி 2ஆவது பிரெட்டில் நடுவிரல், 3ஆம் கம்பி 2ஆவது பிரெட்டில் மோதிரவிரல். 6ஆம் கம்பியைத் தொடாதீர்கள்.

சி: ஏ மைனரில் இருந்தபடியே, மோதிரவிரலை மட்டும் தூக்கி 5ஆம் கம்பி 3ஆவது பிரெட்டுக்குக் கொண்டுபோங்கள். மற்ற இரண்டு விரலும் அசையக்கூடாது. இந்த ஒரு மாற்றத்தையே முதல் வாரம் முழுக்கச் செய்யலாம்.

ஜி: 6ஆம் கம்பி 3ஆவது பிரெட்டில் நடுவிரல், 5ஆம் கம்பி 2ஆவது பிரெட்டில் சுட்டுவிரல், 1ஆம் கம்பி 3ஆவது பிரெட்டில் மோதிரவிரல்.

தாளத்துக்கு ஆறு எண்ணிக்கை வையுங்கள். தகிட தகிட. ஆறையும் கீழ்நோக்கியே மெதுவாக மீட்டுங்கள், முதலாவதையும் நான்காவதையும் சற்று அழுத்தி. நம் ஊர்க் கலியாண வீட்டில் பைலாவுக்குக் கால் தானாக ஆடுவது இந்த ஆறில்தான். அதனால் இதை யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, கைக்குக் கொண்டுவந்தால் போதும்.

விரல் நுனி வலிக்கும். சில வாரங்களில் தோல் தடித்துவிடும். அதுவரை பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரும் வாசிக்காமல் இருப்பது நல்லதுதான். பகிர்ந்து வாசிப்பதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

பாடுகிறவருடைய கட்டைக்கு வாருங்கள்

கட்டை என்பது பாடுகிறவர் பிடிக்கும் சுருதியின் உயரம். குழுவில் ஹார்மோனியம் பழகியவர் இருந்தால் இது சுலபம். சி என்பது ஒரு கட்டை. டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. ஆண்கள் பலருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை வரை சௌகரியம். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. சி கோட்டை மையமாக வைத்து வாசித்தால் ஒரு கட்டை. அதே விரல்பிடியில் இரண்டாவது பிரெட்டில் கப்போ (எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் இரண்டு கட்டை. ஒவ்வொரு பிரெட்டும் அரைக் கட்டை ஏற்றும். மூன்றிலிருந்து நான்குக்கு மட்டும் ஒரே பிரெட்தான், இடையில் அரை இல்லை. பாடுகிறவரைத் தொண்டை கிழியக் கத்தவைக்காமல் கிற்றார் அவரிடம் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கப்போ இல்லையா? ஒரு பென்சிலைப் பிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் கம்பிகளின் மேல் குறுக்கே வையுங்கள். சைக்கிள் ரியூப்பில் மெல்லிய வளையமாக இரண்டு வெட்டி, பென்சிலின் இரு நுனியையும் கழுத்தின் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். நைலோன் கிற்றாரின் கழுத்துப் பலகை தட்டையாக இருக்கும் என்பதால் இது நன்றாகப் பிடிக்கும். இரும்புக் கம்பிக் கிற்றாரில் பலகை சற்று வளைந்திருக்கும். அங்கே ஓரக் கம்பிகள் இரைந்தால் இன்னும் இறுக்கிப் பாருங்கள்.

வீடு வீடாகப் போகும்போது

கிற்றார் ஒரு வீட்டில் மூன்று நாள் இருக்கட்டும், பிறகு அடுத்த வீடு. கூடவே ஒரு அப்பியாசக் கொப்பியும் போகட்டும். யார் கொண்டுபோனது, எந்தத் திகதி, கம்பி எப்படி இருக்கிறது, என்ன பழகினோம். இவ்வளவும் எழுதினால் சண்டை வராது. எல்லோரும் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை போட்டு வையுங்கள். கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிறவரிடம் ஒரு கட்டுக் கம்பியும், தனியாக ஒரு 1ஆம் கம்பியும் வாங்கச் சொல்லுங்கள். முதலில் அறுவது பெரும்பாலும் அதுதான்.

வன்னியில் கிற்றாருக்கு எதிரிகள் மூன்று. முதலாவது வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் பசை இளகிவிடும். மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டு வெயிலில் நிறுத்தவே வேண்டாம். இரண்டாவது மாரி. மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்துக் கம்பியைத் தூக்கிவிடும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் கிற்றார்ப் பைக்குள் போட்டு வையுங்கள். மூன்றாவது கறையான். சுவரோடு நிலத்தில் சாய்த்து வைத்த கிற்றாரின் அடிப்பலகைக்குள் அது புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, தட்டினால்தான் பொத்தென்று கேட்கும். ஆகவே சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். சுவருக்கும் கிற்றாருக்கும் இடையில் ஒரு துணிச்சுருள் வையுங்கள்.

வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். வியர்வையில் இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும்.

இரண்டாவது கிற்றார் வந்தால்

குழு பாடத் தொடங்கியது ஊரில் கேட்டுவிட்டால் இன்னொருவர் வீட்டுக் கிற்றாரும் தானாக வரும். அப்போது இரண்டு பேரும் ஒரே கோட்டை ஒரே இடத்தில் வாசிக்காதீர்கள். இரண்டாமவர் 5ஆவது பிரெட்டில் கப்போ போடட்டும். முதலாமவர் ஏ மைனர் வாசிக்கும்போது இவருக்கு ஈ மைனர் விரல்பிடி. அவர் சி என்றால் இவர் ஜி பிடி. அவர் ஜி என்றால் இவர் டி பிடி: 3ஆம் கம்பி 2ஆவது பிரெட்டில் சுட்டுவிரல், 2ஆம் கம்பி 3ஆவது பிரெட்டில் மோதிரவிரல், 1ஆம் கம்பி 2ஆவது பிரெட்டில் நடுவிரல், தடித்த இரண்டு கம்பிகளைத் தொடாமல். பிரெட் எண்ணிக்கையைக் கப்போவிலிருந்து எண்ணுங்கள். ஒலி ஒன்றுதான், ஆனால் ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் கேட்கும். முதலில் இரண்டு கிற்றாரையும் ஒன்றோடொன்று சுருதி சேர்த்துவிட்டு, கப்போ போட்ட பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள். கப்போ அழுத்தும்போது கம்பி சற்று ஏறும்.